தோட்டத்தின் தழைச்சத்துக் கணக்கு

இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து கட்டாயம் கேட்கும் கேள்வி இது: "காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்?" உடனே கைதட்டல் எழும். கேள்வி நியாயமானதுதான். எந்தக் கடையிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு யூரியா மூட்டை போனதில்லை. ஆனாலும் அங்கே மரங்கள் வானளாவ நிற்கின்றன. இங்கே நாலு பாத்திக் கீரைக்கு ஆண்டுதோறும் எரு தேடி அலைகிறோம்.

இதற்குப் பதில் எளிமையானது. காட்டிலிருந்து தினமும் காலையில் பத்துக் கூடைக் கத்தரிக்காயும் ஐம்பது கட்டுக் கீரையும் வண்டியேறிப் போவதில்லை. அங்கே உதிரும் இலை அங்கேயே மக்குகிறது. மான் தின்றது மறுநாள் அதே மண்ணில் சாணமாக விழுகிறது. தோட்டத்து விளைச்சலோ ஊருக்குப் போகிறது, ஊர் தின்றது சாக்கடைக்குப் போகிறது. காட்டைக் காட்டித் தோட்டத்துக்கு வழி சொல்பவர்கள் இந்த வண்டியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த வண்டியில் மண்ணிலிருந்து உண்மையில் எது போகிறது? கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி கரியும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும்; செடி அவற்றைக் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண் கொடுத்தது மிகச் சிறிய பங்கு. அந்தச் சிறிய பங்கில் விளைச்சலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. வெளியேறும் அளவை நாமே கணக்கிடலாம். புரதத்தின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். கீரை வகைகளில் நூறு கிராமுக்கு 3 கிராம் அளவில் புரதம் உண்டு. அப்படியானால் ஒரு டன் கீரையோடு 4 முதல் 5 கிலோ நைட்ரஜன் தோட்டத்தை விட்டுப் போகிறது. தக்காளியில் புரதம் குறைவு என்பதால் டன்னுக்கு ஒன்றரைக் கிலோ.

கேட்பதற்குச் சொற்பமாகத் தெரியும் இந்த எண்கள் என்ன செய்யும் என்று ஒரு நகரமே தெரிந்துகொள்ள வேண்டி வந்தது. அது கியூபாவின் தலைநகர் ஹவானா. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த உரமும் டீசலும் பூச்சிமருந்தும் சட்டென்று வற்றின. உர இறக்குமதி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சரிந்தது. கிராமத்தில் விளைந்ததை நகரத்துக்குக் கொண்டுவர லாரிக்கு எண்ணெய் இல்லை. எனவே நகரத்துக்குள்ளேயே விளைவிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு, மண் இல்லாமல் ஊட்டக் கரைசலில் காய்கறி வளர்ப்பதற்கென்று சிமெண்ட் தொட்டிகள் கட்டியிருந்தார்கள். கரைசலுக்கான உப்புகள் வருவது நின்றதும் அந்தத் தொட்டிகளில் மண்ணையும் மட்கிய எருவையும் கலந்து கொட்டி விதைத்தார்கள். பிறகு காலி மனைகளிலும் அதே பாணியில், ஓடும் கல்லும் சிமெண்ட் பலகையும் வைத்துக் கரைகட்டி, உயர்த்திய பாத்திகள் போட்டார்கள். 'ஒர்கானோபோனிக்கோ' என்று அவற்றுக்குப் பெயர்.

அவற்றில் உலகம் அதிகம் போய்ப் பார்த்தது ஹவானாவின் கிழக்கே, அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கும் அலமார் பகுதியில் உள்ள தோட்டம். 1997இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்து தொடங்கினார்கள். மிகெல் சால்சினெஸ் என்ற வேளாண் வல்லுநர் முன்னின்றார். பத்தாண்டுகளில் அது சுமார் 11 ஹெக்டேராகவும் நூற்றைம்பது பேர் அளவிலான கூட்டுறவாகவும் வளர்ந்தது. நிலம் அரசினுடையது, உழைப்பும் முடிவும் உறுப்பினர்களுடையவை, வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். காய்கறி வாசலிலேயே விற்கிறது. வேப்பமரங்கள், பாத்தி ஓரத்தில் சோளமும் துலுக்கச் சாமந்தியும், பூச்சியைக் கொல்லும் பூஞ்சைக் கலவைகள் என்று பூச்சிக்கட்டுப்பாட்டைப் பற்றித்தான் பார்வையாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப்படுவது பின்பக்கம் இருக்கும் மண்புழு உரத் தொட்டிகளும் எருக்குவியல்களும்தான். தோட்டம் நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் நைட்ரஜனின் பழைய புதிர் ஒன்றைப் பார்க்க வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். செடி அதில் மூழ்கியே நிற்கிறது. ஆனாலும் தழைச்சத்து இல்லாமல் மஞ்சளாகிறது. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மடிப் பிணைப்பால் இறுகிக் கிடப்பதே காரணம். அந்தப் பிணைப்பை உடைக்கும் வல்லமை எந்தச் செடிக்கும் இல்லை. யாரோ உடைத்து நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ மண்ணில் வைத்தால்தான் வேர் எடுத்துக்கொள்ளும்.

அந்த 'யாரோ' யார் என்று கண்டுபிடிக்க ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1830களில் அல்சாஸில் இருந்த பண்ணையில், வயலுக்குப் போகும் எருவையும் வயலிலிருந்து வரும் விளைச்சலையும் எடை போட்டு, இரண்டிலும் உள்ள நைட்ரஜனை அளந்தார். தானியம் மட்டும் பயிரிட்டால் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போயின. இடையில் தீவனப் பயறு வகையான குளோவர் வந்தாலோ, போட்டதைவிட அதிகமான நைட்ரஜன் விளைச்சலில் இருந்தது. அந்த உபரி வானத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இதை உறுதிசெய்ய விரும்பியவர்கள் இன்னும் கறாரான சோதனை செய்தார்கள். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் லாஸ், கில்பர்ட், பியூ ஆகிய மூவரும் 1857–58இல் மண்ணைச் சுட்டுச் சுத்தப்படுத்தி, தூசியும் அம்மோனியாவும் நுழையாத கண்ணாடிக் கூண்டுக்குள் செடி வளர்த்தார்கள். பயறு வகை உட்பட எந்தச் செடியும் காற்றின் நைட்ரஜனை எடுக்கவில்லை. முடிவு தெளிவாகத் தெரிந்தது; பூசிங்கோவின் உபரி எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் விளக்கமில்லை. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. சோதனை எவ்வளவு சுத்தமாக நடந்ததோ, அவ்வளவு உறுதியாக உண்மை மறைந்துபோயிற்று. மண்ணைச் சுட்டபோது அந்த 'யாரோ'வையும் சேர்த்தே கொன்றிருந்தார்கள்.

ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் மணல் தொட்டிகளில் ஓட்ஸும் பட்டாணியும் வளர்த்தார்கள். ஓட்ஸ் கொடுத்த நைட்ரேட்டுக்கு ஏற்ற அளவு வளர்ந்தது. பட்டாணியோ எந்த ஒழுங்குக்கும் வரவில்லை: நைட்ரேட் இல்லாத தொட்டிகளில் சில செடிகள் சாக, பக்கத்திலேயே சில செழித்தன. வேறு யாராக இருந்தாலும் சோதனைப் பிழை என்று தள்ளியிருப்பார்கள். அவர்கள் வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். செழித்தவற்றில் முடிச்சுகள் இருந்தன, செத்தவற்றில் இல்லை. மணலைச் சூடாக்கிச் சுத்தப்படுத்திய பின் சாதாரண வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றினால் முடிச்சு வந்தது. அந்த நீரையே கொதிக்கவைத்து ஊற்றினால் வரவில்லை. ஆக வேலை செய்வது உயிருள்ள ஏதோ ஒன்று. 1886இல் இதை அறிவித்தார்கள். 1888இல் டச்சு அறிவியலாளர் பெயரிங்க் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இந்த வேர்முடிச்சு நுண்ணுயிரிகள் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நைட்ரஜனை உடைத்துத் தருகின்றன. அதே வேலையைச் செய்ய ஜெர்மனியின் ஓப்பாவில் 1913இல் தொடங்கிய முதல் அம்மோனியா ஆலைக்கு நானூறு டிகிரிக்கு மேல் வெப்பமும், வளிமண்டலத்தைப் போல இருநூறு மடங்கு அழுத்தமும் வேண்டியிருந்தன. நுண்ணுயிரியின் நொதி அதைச் சாதாரண வெப்பத்தில் செய்கிறது. ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். எனவே செடி, நம் ரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஒரு சிவப்புப் புரதத்தை முடிச்சுக்குள் நிரப்பி ஆக்சிஜனைக் கட்டுப்படுத்துகிறது. தட்டைப்பயறுச் செடியைப் பிடுங்கி ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நின்றுவிட்டது. ஆய்வகம் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

அப்படியானால் பயறும் சணப்பும் தக்கைப்பூண்டும் போட்டே தோட்டத்தை நடத்திவிடலாமே? நெல்லுக்கு இது ஓரளவு சரி. காய்கறிக்குக் கணக்கு இடிக்கிறது. பசுந்தாள் பயிர் ஒன்றரை, இரண்டு மாதத்தில் ஹெக்டேருக்கு 60 முதல் 100 கிலோ தழைச்சத்து தரும். அதிலும் ஒரு பகுதி மண்ணிலிருந்தே எடுத்தது. ஹவானாவின் பாத்திகளிலோ ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ காய்கறி என்று இலக்கு வைத்தார்கள். பாத்திப் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் ஹெக்டேருக்கு 200 டன். டன்னுக்கு 2 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 400 கிலோ நைட்ரஜன் வெளியேறுகிறது. அதைப் பசுந்தாளால் மட்டும் ஈடுகட்ட நினைத்தால் ஆண்டில் பாதிக்கு மேல் பாத்தியில் காய்கறியே இருக்காது. மீதிக்கு வெளியிலிருந்து எதையாவது கொண்டுவந்தே ஆக வேண்டும். கியூபாவில் அது மாட்டுச் சாணமாகவும் சர்க்கரை ஆலைகளின் கசடாகவும் வந்தது.

வந்ததை அப்படியே போட்டால் பயனில்லை; மட்க வேண்டும். மட்கவைப்பதில் முக்கியம், கரிக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் போலத்தான்: இரண்டும் வேண்டும், அளவு தப்பினால் ஒன்று பொங்காது, இல்லையென்றால் நாறும். குவியலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25, 30 பங்கு கரி இருந்தால் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகும். மரத்தூளில் கரி சில நூறு பங்கு, வைக்கோலில் அறுபது எழுபது, சாணத்தில் இருபது, கோழி எருவில் பத்து என்ற அளவில் இருக்கும். கோழி எருவை மட்டும் குவித்தால் மூக்கைத் துளைக்கும் வாடை வருகிறதே, அது அம்மோனியா. அதாவது காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகிறது.

மறுபக்கம் இன்னும் சங்கடமானது. மக்காத மரத்தூளையோ வைக்கோலையோ மண்ணோடு கலந்துவிட்டால், அதைத் தின்னத் தொடங்கும் நுண்ணுயிரிகளுக்கு உடல் வளர்க்க நைட்ரஜன் போதாது. மண்ணில் இருப்பதையும் அவை இழுத்துக்கொள்ளும். 'இவ்வளவு எரு போட்டேனே, செடி ஏன் மஞ்சளடிக்கிறது' என்று மாடித் தோட்டக்காரர்கள் குழம்பும் இடம் பெரும்பாலும் இதுதான். சில மாதங்களில் அந்த நுண்ணுயிரிகள் செத்து நைட்ரஜனைத் திருப்பித் தரும், ஆனால் அதற்குள் கீரைப் பருவம் முடிந்திருக்கும்.

நன்றாக மக்கியதிலும் அவசரம் நடக்காது. ஒரு டன் மட்கில் 10 முதல் 15 கிலோ தழைச்சத்து இருக்கலாம். முதல் ஆண்டில் வெளிவருவது ஐந்தில் ஒரு பங்கு அளவே, அதாவது இரண்டு, மூன்று கிலோ. ஒரு டன் தக்காளிக்குச் சரியாகப் போகும். ஒரு டன் கீரைக்குப் பற்றாது. மீதி மண்ணில் தங்கிச் சிறுகச் சிறுகத்தான் வெளிவரும். எவ்வளவு சிறுக என்பதற்கு ரோத்தம்ஸ்டெட்டிலேயே சான்று உண்டு. அங்கே பார்லி வயலின் ஒரு துண்டில் 1852 முதல் 1871 வரை தொழு எரு போட்டு, பிறகு அடியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கழித்தும், எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அது கூடுதலாக விளைந்தது. ரசாயன உரத்திலிருந்து மாறிய தோட்டங்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் துவண்டு பிறகு தேறுவதும் இதனால்தான். மண்ணில் கையிருப்பு சேர வேண்டும். இதை 'மண் விஷம் இறங்குகிறது' என்று சொல்வதுண்டு; நைட்ரஜன் கையிருப்பே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது.

செடிக்கு வரும் நைட்ரேட் சாணத்திலிருந்தா மூட்டையிலிருந்தா என்று அதன் வேருக்குத் தெரியாது. அறிவியலாளரின் கருவிக்கு மட்டும் ஓரளவு தெரியும். நைட்ரஜனில் கனமான வகை ஒன்று உண்டு. காற்றில் ஆயிரம் அணுவுக்கு நான்குக்கும் சற்றுக் குறைவு. காற்றிலிருந்து நேரடியாகத் தயாராகும் யூரியாவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். சாணம் மக்கும்போது இலேசான வகை அம்மோனியாவாக முந்திப் பறந்துவிடுவதால், மிஞ்சும் எருவில் கனமான வகை சற்றுக் கூடுகிறது. அந்த எருவில் விளைந்த காயிலும் கூடும். இயற்கை விளைபொருள் என்று முத்திரை குத்தி விற்கும் காய்கறிகளைச் சரிபார்க்க ஆய்வகங்கள் கையாளும் முறைகளில் இது ஒன்று. ஆனால் பசுந்தாள் உரமும் காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுக்கிறது அல்லவா? அதில் நேர்மையாக விளைவித்தவரின் காயும் யூரியாக் காயைப் போலவே காட்டும். எனவே இதை மட்டும் வைத்து யார்மீதும் குற்றம் சாட்ட முடியாது.

இனி, எருவை மட்கவைக்க வேண்டிய ஆட்கள். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிப்படி, சாணம் சேர்த்து நீள்குவியலாக மட்கவைக்கும்போது 55 டிகிரிக்குக் குறையாத வெப்பம் 15 நாள் இருக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். களைவிதையும் நோய்க்கிருமியும் சாவதற்கு அந்த வெப்பம் தேவை. எந்திரம் இல்லையென்றால் ஐந்து முறையும் மண்வெட்டிதான். காய்கறித் தோட்டத்தை ஒரு குடும்பத்தால் நடத்த முடிந்தாலும் எருக்குவியலை நடத்துவது கடினம். கூட்டாக நடத்துவதன் உண்மையான லாபம் எனக்குத் தெரிந்து இங்கேதான்: புரட்டக் கை கிடைக்கும், பல வீட்டுச் சமையல் கழிவு ஒரே இடத்தில் சேரும், எருவை லாரியாக வாங்கலாம்.

கூட்டில் சண்டை வருவதும் இங்கேதான். ஒரு பாத்தியில் இரண்டு மாதம் சணப்பு போட்டால் அந்தப் பாத்தி அந்த இரண்டு மாதம் ஒரு ரூபாயும் தராது. யார் பாத்தியை விடுவது? பாத்திகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்ட தோட்டத்தில் இதற்கு ஒருவரும் முன்வர மாட்டார்கள். குத்தகைக்காரருக்கும் அடுத்த ஆண்டு மண்மீது அக்கறை இருக்காது. வருமானத்தை மொத்தமாகச் சேர்த்துப் பங்கிடும் அலமார் போன்ற அமைப்பில் இழப்பு எல்லோருக்கும் பரவுகிறது.

அலமாரை அற்புதமாகக் காட்டும் ஆவணப்படங்கள் நிறைய வந்துவிட்டன. கியூபா இன்னும் தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகரத் தோட்டங்கள் கொடுத்தது கீரையும் காயும். அரிசியும் கோதுமையும் கப்பலில்தான் வந்தன. சாணமும் ஆலைக்கசடும்கூடத் தோட்டத்துக்கு வெளியே வேறொரு நிலத்தில் விளைந்த நைட்ரஜன்தான். 2002இல் கியூபா தன் சர்க்கரை ஆலைகளில் ஏறக்குறைய பாதியை மூடியது. சர்க்கரை விலை சரிந்ததால் எடுத்த முடிவு அது. எந்தக் காய்கறித் தோட்டத்தையும் கேட்டு எடுத்ததல்ல. எருவுக்கு ஒரே ஊற்றை நம்பினால் இப்படித்தான்.

சாணத்தையே நம்புவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பயிருக்கு வேண்டிய விகிதத்தைவிட எருவில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அதிகம். நைட்ரஜன் போதும் அளவுக்கு எரு போட்டுக்கொண்டே போனால் மணிச்சத்து மண்ணில் குவிந்து, மழையோடு குளத்துக்குப் போய்ப் பாசி பிடிக்கவைக்கும். எருவோடு பயறையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம். பயறு நைட்ரஜனைத்தான் கூட்டும், மணிச்சத்தைக் கூட்டாது.

காயோடு ஊருக்குப் போன நைட்ரஜன் பெரும்பாலும் நம் சிறுநீரில்தான் இருக்கிறது. உணவைப் பொறுத்து ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு முதல் நாலு கிலோ வரை. அதைத் தோட்டத்துக்குத் திருப்ப நம் ஊரிலும் முயன்றிருக்கிறார்கள். திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரைப் பிரித்துச் சேர்க்கும் கழிப்பறைகள் கட்டப்பட்டன. சாக்கடைக் கசடை மட்டும் இயற்கை விளைபொருளுக்குப் போடக்கூடாது என்று அமெரிக்க விதி தடுக்கிறது. தொழிற்சாலைக் கழிவும் கன உலோகங்களும் அதில் கலந்துவிடுகின்றன என்பதால் அந்தத் தடையைக் குறைசொல்லவும் முடியாது. கலப்பதற்கு முன்பே பிரித்தால்தான் வழி உண்டு.

குடியிருப்பிலோ கிராமத்திலோ கூட்டுத் தோட்டம் தொடங்க நினைப்பவர்கள், விதைப் பட்டியல் போடுவதற்கு முன் மூன்றாம் ஆண்டுக்கான எரு எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். பால்காரரிடமும் கோழிப்பண்ணையிலும் சந்தையிலும் பேசி, குறைந்தது இரண்டு ஊற்றுகளை உறுதிசெய்யுங்கள். ஐந்தில் ஒரு பாத்தி எப்போதும் பயறுக்கோ சணப்புக்கோ என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காய் விற்கத் தொடங்கிய பிறகு ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். வாசலில் ஒரு தராசும் ஒரு நோட்டும் வையுங்கள். உள்ளே வரும் எருவையும் வெளியே போகும் காயையும் எடை போட்டு எழுதுங்கள்.